அரை எச்.பி. தம்புரா

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது.

தொண்ணூற்று நான்காம் வருடம், ஆடி மாதம். ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் வரும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒருவர் ஜன்னலோரம் ஒரு மோட்டாரை உட்கார வைத்து, அதன் பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சின்ன மோட்டார் பம்பு. அதன்மேல் சரிகை போட்ட அங்கவஸ்திரம் போர்த்தியிருந்தது.

நடத்துநர் வந்தார்.

"ஏனுங்க, மோட்டாருக்கு லக்கேஜ் போடோணுமுங்க."

"மோட்டார் இல்லீங்க. தம்புராங்க."

நடத்துநர் அங்கவஸ்திரத்தைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார்.

"தம்புராவுக்கும் லக்கேஜ்தானுங்க."

அவ்வளவுதான். அவிநாசியில் அந்த மனிதர் தம்புராவைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியிருக்காது. முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. கேட்காத கேள்விக்கு நாமே பதில் எழுதிக்கொள்வது சுலபம் என்று நினைத்தேன்.

இனி வருவதில் அந்த மோட்டாரும் அங்கவஸ்திரமும் மட்டும் நான் பார்த்தவை. மற்றதற்கு நான் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: "அருள்குமார் பிறக்கும்போதே அவன் காதில் ஒரு ரீங்காரம்"

(விட்டுவிட்டேன். பிறப்பில் தொடங்கினால் மோட்டார் வருவதற்கு நேரமாகும்.)

இரண்டாவது தொடக்கம்: "இசை என்பது"

('இசை என்பது' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் நான் முழுதாகப் படித்ததில்லை. எழுதவும் முடியவில்லை.)

மூன்றாவது தொடக்கம்: "அருள்குமாருக்குச் சத்தத்தைக் குறைப்பதற்குத்தான் சம்பளம்."

இது நின்றது. ஆகவே அருள்குமார் ஒரு மெக்கானிக்கல் இஞ்சினியர். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. (கம்பெனிக்குப் பெயர் வைக்கவில்லை. கோயமுத்தூரில் எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் ஒரு பம்பு இருக்கும்.) ஓடும் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமுமே, அதைக் குறைப்பது அவன் வேலை. ஒரு மோட்டாரை மேசையில் வைத்து ஓடவிட்டு, பக்கத்தில் காதை வைத்துக் கேட்பான். பிறகு அதைக் கழற்றி, இரும்புத் தகடுகளை இறுக்கி, மறுபடி ஓடவிட்டுக் கேட்பான். நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். உலகத்தில் அவன் வெறுத்த ஒரே சத்தம் அது.

அவனுக்குப் பெண் பார்த்தார்கள். கதை இங்கேதான் தொடங்குகிறது. முதல் இரண்டு பகுதிகளை நீங்கள் படித்திருக்கவே வேண்டாம்.

3

பெண் வீடு கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெண்ணின் அப்பா தம்பிதுரை. மஞ்சளும் கரும்பும் போடுகிறவர். கிணற்றில் பத்து எச்.பி. மோட்டார். அம்மா தெய்வாத்தாள். பெண் மோகனப்பிரியா, பி.காம். முடித்தவள், பாட்டும் படித்தவள்.

பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது. அருள்குமாரின் அம்மா கேட்டார்:

"புள்ள பாடும்னு சொன்னாங்க. ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க, கேப்போம்."

மோகனப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மோட்டாரு ஓடினாத்தான் பாட வருமுங்க."

தெய்வாத்தாள் அவசரமாக நடுவில் வந்தார்.

"அது ஒண்ணுமில்லீங்க. ஊட்டுக்குள்ள பாடினா இவங்கப்பனுக்குத் தூக்கம் கெட்டுப்போகுதுன்னு மோட்டார் ரூம்ல போயி உக்காந்துதான் பாடிப் பழகினா. அப்படியே வழக்கமாப் போச்சுங்க."

"தூக்கத்துக்காக இல்லீங்க" என்றார் தம்பிதுரை. "மோட்டாருக்கும் ஒரு தொணை ஆச்சில்லீங்களா."

"அப்ப மோட்டாரைப் போடுங்க" என்றான் அருள்குமார்.

"த்ரீ பேஸ் இன்னும் வரலீங்களே மாப்ள. சாயங்காலம் ஆகுமுங்க."

விவசாய மோட்டாருக்கான கரண்டு அன்றைக்கெல்லாம் சில மணி நேரம்தான் வரும். வேறு மாப்பிள்ளை வீட்டாராக இருந்தால் 'பரவாயில்லீங்க, இன்னொரு நாளைக்கு' என்று எழுந்திருப்பார்கள். அருள்குமார் "இருந்து கேட்டுட்டே போறமுங்க" என்றான். பழக்கமில்லாத இரண்டு குடும்பங்கள், சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் எரியாத சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மழை, மஞ்சள் விலை, அவிநாசியில் யாருக்கோ மூட்டுவலி என்று பேச்சு எல்லாம் தீர்ந்தது. மறுபடி காப்பி வந்தது. பஜ்ஜியை மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். அருள்குமாரின் மாமா ஒருவர் தூங்கிவிட்டார்.

விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் யாரும் எப்போதும் சுவிட்சை அணைப்பதில்லை. கரண்டு வந்ததும் அக்கம்பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் தாமாகவே எழுந்தன. தெற்கிலிருந்து ஒரு 'ம்ம்ம்'. வடக்கிலிருந்து ஒன்று. கிணற்று மேட்டிலிருந்து தம்பிதுரையின் பத்து எச்.பி. மோகனப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்து பாடினாள்.

(இங்கே ஒரு பாட்டின் வரி வர வேண்டும். எனக்குப் பாட்டு தெரியாது. உங்களுக்குப் பிடித்த பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அருள்குமார் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுக்கு அடியில் இருந்ததைக் கேட்டான். நான்கு வருடமாக அவன் இறுக்கி இறுக்கிக் கொல்லப் பார்த்த சத்தம், இங்கே ஒரு பெண்ணின் குரலைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டிருந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசலாம் என்றார்கள். வேப்பமரத்தடியில் நின்று பேசியது இவ்வளவுதான்:

"இந்தச் சத்தத்துக்கு நாங்க கம்பெனியில ஒரு பேரு வெச்சிருக்கறமுங்க. நாய்ஸ்."

"நான் 'ஸ'ன்னு நினைச்சுக்கறதுங்க. தம்புரான்னா ஸவும் வேணும், பஞ்சமமும் வேணுமில்லீங்களா. மோட்டாருக்கு ஸ மட்டும்தான் தெரியும். பஞ்சமத்தை நானே மனசுக்குள்ள போட்டுக்குவேன்."

"அந்தப் பஞ்சமத்தை நான் பண்ணித் தர்றேனுங்க."

மனமொத்து இரண்டு பேர் சொல்லிக்கொண்ட வார்த்தைகளில் இதைவிட அசட்டுத்தனமானதை நான் கேட்டதில்லை. நானே எழுதினேன் என்பதால் சொல்கிறேன்.

4

(இது அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை.)

மோகனப்பிரியா சொன்னது பொய்யல்ல. நம் வீட்டுக்கு வரும் கரண்டு நொடிக்கு ஐம்பது சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் மோட்டாரின் இரும்பு இரண்டு முறை அதிரும். ஆக நூறு. பெண்கள் வழக்கமாகப் பாடும் ஐந்து கட்டை ஸ, நொடிக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு அதிர்வு. அதன் கீழ் ஸ்தாயி தொண்ணூற்றெட்டு. மோட்டார் இரண்டே இரண்டு கூடுதலாகப் பாடுகிறது.

அந்த இரண்டும் சரியாகிவிடும். எல்லோரும் மோட்டார் போட்டுக் கரண்டு திணறுகிற சாயங்காலங்களில் ஐம்பது இறங்கி நாற்பத்தொன்பதாகும். இருமுறை நாற்பத்தொன்பது தொண்ணூற்றெட்டு. தட்டுப்பாடு வந்தால்தான் சுருதி சுத்தம். இன்னொன்று: தென்னிந்தியா முழுக்க ஒரே மின்தொகுப்பு. கொடுமுடி மோட்டார் பாடும் அதே ஸ-வைத்தான் கடப்பையிலும் கண்ணூரிலும் மோட்டார்கள் பாடுகின்றன. நான்கு மாநிலமும் சேர்ந்து ஒரு தம்புரா. பஞ்சமக் கம்பி மட்டும் இல்லை.

இயற்பியல் படித்ததற்கு எனக்கு இதுவரை கிடைத்த பயன் இந்தப் பகுதிதான்.

5

அருள்குமார் வேலையை விட்டான். கூட வேலை பார்த்த ஜெரோம் கேண்டீனில் கேட்டான்:

"ஏன்டா, கல்யாணத்துக்கு லீவு போடுவாங்க. வேலையவே விடுவாங்களா?"

"தம்புரா செய்யப் போறேன்."

"சத்தத்தைக் கொறைக்கச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப சத்தம் போடறதுக்குன்னே ஒரு மிஷின் பண்ணப் போறே."

"ஒரு சத்தம் இல்லடா. ரெண்டு."

"உங்கம்மாகிட்டச் சொல்லிட்டயா?"

"அதுதான் மூணாவது சத்தம்."

சரவணம்பட்டியில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தான். முன்பு யாரோ பம்பு சோதனை செய்த இடம். நடுவில் பெரிய சிமெண்டுத் தொட்டி, அதில் தண்ணீர். வாசலில் 'தம்புரா தயாரிக்கப்படும்' என்று பலகை வைத்தான். மறுநாளிலிருந்து ஆட்கள் எரிந்துபோன மிக்சியும் மோட்டாரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"காயில் கட்டிக் குடுப்பீங்களா?"

"இல்லீங்க. இது பாட்டுக்குச் சுருதி."

"அதுக்கென்னுங்க, அப்புறமாக் கட்டிக் குடுங்க. அவசரமில்லீங்க."

மோட்டாரின் அச்சில் சக்கரம் மாட்டி அதை வீணைக் கம்பியில் உரசவிட்டான். கம்பி அறுந்து கூரையில் போய் மாட்டிக்கொண்டது. (இன்னும் அங்கேதான் இருக்கிறது.) பிறகு அவனுக்குத் தெரிந்த பொருளுக்கே திரும்பினான். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் விசிறி ஒன்று உண்டு, ஆறு இதழ். அதில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை அறுத்தான். மோட்டார் நொடிக்கு ஏறத்தாழ ஐம்பது சுற்று. மூன்று இதழ் காற்றை வெட்டினால் நூற்றைம்பது. நூறு ஸ என்றால் நூற்றைம்பது பஞ்சமம். தண்ணீர் வெளியே வருகிற வாயில் நாதஸ்வரத்தின் அகன்ற வாய்ப்பகுதியான அணசைப் பொருத்தினான். சுவிட்சைப் போட்டான்.

இரும்பு ஸ என்றது. காற்று ப என்றது. அரை எச்.பி. மோட்டார், ஒரு ஆள் தூக்கலாம், தம்புரா.

ஒரே ஒரு நிபந்தனை. அதை வறட்டில் ஓட்ட வேண்டும். உள்ளே தண்ணீர் போனால் விசிறிக்குச் சுமை ஏறும், சுற்று தளரும், பஞ்சமம் கீழே வழுக்கிப் பெயர் இல்லாத ஒரு இடத்தில் போய் நிற்கும். ஸ மாறாது, அது கரண்டின் சொத்து. பஞ்சமம்தான் போகும்.

தண்ணீர் படக்கூடாத பம்பைச் செய்துவிட்டான் அருள்குமார். கோயமுத்தூரில்.

6

இந்த இடத்தில் எனக்கு மோகனப்பிரியா மேல் சந்தேகம் வந்தது. அவள் ஏன் இவனுக்காகக் காத்திருக்க வேண்டும்? முந்தைய படியில், "அவள் உள்ளத்தில் காதல்" என்று ஒரு வாக்கியம் தொடங்கியிருந்தேன். அவள் வந்து குறுக்கே நின்றாள்.

"ஏனுங்க்கா, லவ்வுன்னெல்லாம் எழுதாதீங்க. எங்கப்பா படிச்சா வம்பு."

"பின்னே என்னன்னு எழுதறது?"

"இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாருகிட்டயும் மோட்டாரு ஓடினாத்தான் பாடுவேன்னு சொன்னேன். ஒருத்தர் சிரிச்சாரு. ஒருத்தரு, கல்யாணத்துக்கப்புறம் பாடறதுக்கெல்லாம் எங்க நேரம் இருக்கப்போகுதுன்னாரு. இவரு ஒருத்தருதான் கரண்டு வர்ற வரைக்கும் உக்காந்திருந்தாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவும் பத்தலீங்களா? நீங்க எத்தனை பேரைக் கண்டிருக்கறீங்க, உக்காந்திருக்கறவங்கள?"

நான் அந்தக் 'காதல்' வாக்கியத்தை அடித்தேன்.

7

வேலையை விட்ட செய்தி கொடுமுடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"பம்புக் கம்பெனி இஞ்சினியருன்னுதான பேச்சு?" என்றார் தம்பிதுரை. "தம்புரா மாப்ளன்னு சொன்னா பங்காளிகெல்லாம் எதுல சிரிக்கறதுன்னு தெரியாம சிரிப்பாங்க. பெருந்துறையில நூல் மில்லுக்காரங்க எத்தனை நாளா ஆளு விட்டுட்டு இருக்கறாங்க. அவங்களுக்கே சொல்லியுடலாம்."

"நான் சம்மதிக்க மாட்டேனுங்கப்பா."

"ஏஞ்சாமி, அந்த ஊட்டுலயும் மோட்டாரு இருக்குது. பதினஞ்சு எச்.பி.!"

"எத்தனை எச்.பி.யா இருந்தாலும் அது ஸ மட்டுந்தான் பாடுமுங்கப்பா."

தம்பிதுரைக்கு இது புரியவில்லை. மகள் சாப்பிடாமல் இருந்தது புரிந்தது. கடைசியில் ஒரு ஏற்பாடு: மாப்பிள்ளை வீடு பார்க்கிற வழக்கப்படி ஒரு முறை போய்த் தொழிலைப் பார்ப்பது. மனசுக்குச் சரியென்று பட்டால் தை மாதம் கல்யாணம். இல்லையென்றால் அன்று சாயங்காலமே பெருந்துறைக்குப் போன்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் அவள் வராவிட்டால் யார் பாடுவது? ஆர்.எஸ்.புரத்தில் பட்டு எடுக்கிற சாக்கில் காரில் கூட்டி வந்திருக்கிறேன். "எந்தக் கல்யாணத்துக்குன்னு தெரியாம எப்படிங்க பட்டு எடுக்கறது?" என்று தெய்வாத்தாள் கேட்டார். தம்பிதுரை, "மாப்ளதான் மாறும். சேலை சேலைதான்" என்றார்.

8

ஷெட்டுக்குள் மூன்று பேரும் வந்து நின்றார்கள். மேசைமேல் தம்புரா. அதற்கு அருள்குமார் சரிகை அங்கவஸ்திரம் போர்த்தியிருந்தான். அதை எடுத்தான். சுவிட்சைப் போட்டான். கரண்டு இல்லை.

(நான்தான் நிறுத்தினேன். கதைக்கு வேண்டியிருந்தது.)

"இப்ப வந்துருமுங்க மாமா" என்றான். சுவிட்சை அணைக்கவில்லை. "நான் போய்க் குடிக்கக் கலர் வாங்கிட்டு வாரேனுங்க" என்று கடைக்கு ஓடினான்.

மோகனப்பிரியாவையும் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. அவள் இருந்தால் நடக்கப்போவது நடக்காது. பட்டுப் பை காரில் இருப்பது அவளுக்கு ஞாபகம் வரும்படி செய்தேன். அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

தம்பிதுரை தம்புராவைச் சுற்றி வந்தார். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் குனிந்து, தட்டி, தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"தெய்வா, இங்க பாரு. தண்ணி இழுக்கற பைப்பே இல்லை. வறட்டுல ஓட்டறான்!"

"கம்முனு இருங்க. அது தம்புராவாமா."

"தம்புராவோ தவிலோ, மோட்டாரு மோட்டாருதான? தண்ணி இல்லாம ஓடினா உள்ளுக்குள்ள சீல் கருகிப்போகும். கன்னுக்குட்டியத் தண்ணி காட்டாம கட்டி வெச்ச மாதிரி இருக்குது, எனக்குப் பாக்கவே முடியல."

"நமக்கென்னத்துக்குங்க?"

"பதட்டத்துல மறந்துபோட்டாம் போல. கரண்டு வந்து, ஓடி, புகைஞ்சுதுன்னா நம்ம முன்னால அவனுக்கு மானம் போயிருமில்ல? பாவம், நல்ல பையன்."

இந்த வரியை நான் திட்டமிடவில்லை. தம்பிதுரையைக் கண்டிப்பான அப்பாவாக வைத்திருந்தேன். அவரே கனிந்துவிட்டார். கதையில் எல்லாக் கேடும் அந்தக் கனிவில்தான் வந்தது.

அவருக்கு ஆயுசில் பாதி மோட்டார் ரூமில் கழிந்தது. சுவரோரம் கிடந்த பழைய ஓஸ் குழாயை எடுத்து ஒரு முனையைத் தம்புராவில் மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டார். தம்புராவின் தலையில் இருந்த மூடியைத் திருகினார். வாளியில் தண்ணீர் மொண்டு, காற்றுக் குமிழி அடங்கும்வரை பொறுமையாக ஊற்றினார். எந்தப் பம்புக்கும் முதலில் செய்கிற மரியாதை அது. மூடியை இறுக்கினார். அங்கவஸ்திரத்தால் ஈரத்தைத் துடைத்தார்.

"மாப்ளகிட்டச் சொல்லீராதே. அவனே பண்ணுனதா இருக்கட்டும்."

9

கரண்டு வந்தது.

அணசு ஒரு முறை இருமியது. துருத் தண்ணீரை ஒரு வாய் துப்பியது. பிறகு நாதஸ்வரத்தின் வாயிலிருந்து பருத்த நீர்த்தாரை ஒன்று புறப்பட்டு வாசலைத் தாண்டித் தெருவில் விழுந்தது. வாசலில் கலர் பாட்டில்களுடன் அருள்குமார் நின்றான். தாரை அவன் மார்பில் பட்டுத்தான் தெருவுக்குப் போனது.

(மூன்று இதழ் விசிறி இவ்வளவு தள்ளாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ஆனாலும் தள்ளியது.)

தம்பிதுரை கைதட்டினார்.

"தண்ணி எடுத்துருச்சு! பாத்தியா தெய்வா! அரை எச்.பி.க்கு இந்தத் தள்ளா? எங்க பத்து எச்.பி. வெக்கப்படோணும்! மாப்ள, என்னமோன்னு நினைச்சேன். பெரிய ஆளுங்க நீங்க!"

"மாமா, அது வந்துங்க"

"ஒண்ணும் சொல்லாதீங்க. தை மாசம் முகூர்த்தம். என்ர பங்காளிக ஊட்டுக்கெல்லாம் இந்தப் பம்புதான், நானே நின்னு வாங்க வெப்பேன். தம்புரா கிம்புராங்கற பேச்சை மட்டும் இன்னியோட விட்டுப்போடுங்க. இல்லீன்னா சொல்லுங்க, இப்பவே பெருந்துறைக்குப் போன் பண்ணிப்போடறேன்."

"சரிங்க மாமா" என்றான் அருள்குமார்.

"இல்லீங்க மாமா" என்றான் அருள்குமார்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அவன் திரும்பி வாசலைத்தான் பார்த்தான். பட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மோகனப்பிரியா நின்றிருந்தாள். ஒரே நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரும்பு சரியாக ஸ-வில் நின்றது. பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது.

"அம்மிணி, ஒரு பாட்டுப் பாடு" என்றார் தம்பிதுரை. "நீ பாடினாத்தான் மோட்டாரு எப்படீன்னு எனக்குத் தெரியும்."

இதை முதலிலேயே எங்காவது விதைத்திருக்க வேண்டும் என்பார்கள். மறந்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். கொடுமுடித் தோட்டத்தில் மகள் பாடிக்கொண்டிருக்கும்வரை தம்பிதுரை நிம்மதியாக இருப்பார். பாதிப் பாட்டில் நிறுத்தினால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு ஓடுவார். ஒரு முறைகூட அது வீணானதில்லை. பேரிங் போயிருக்கும், அல்லது ஒரு பேஸ் கரண்டு போயிருக்கும். பாட்டு என்றால் அவருக்கு மோட்டார் நலமாக இருக்கிறது என்ற தகவல்.

10

முடிவு அ: அவள் பாடுகிறாள். தளர்ந்த பஞ்சமத்துக்குத் தன் பஞ்சமத்தையும் தளர்த்திக்கொள்கிறாள். தம்பிதுரை தலையாட்டுகிறார். தை மாதம் கல்யாணம். அருள்குமார் நல்ல பம்பு செய்கிறான். அவள் வாழ்நாள் முழுக்க ஒரு மயிரிழை கீழே பாடுகிறாள், யாருக்கும் தெரிவதில்லை.

(எழுதி முடித்ததும் ஒரு முறை படித்தேன். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் பாதியில் நிறுத்துகிறாள். தம்பிதுரை, "அப்ப மோட்டாரு சரியில்லை" என்கிறார். பெருந்துறைக்குப் போன் போகிறது. பட்டு வீணாவதில்லை.

(இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனாலேயே பிடிக்கவில்லை.)

முடிவு இ: அவள் ஓஸைப் பிடுங்கி எறிகிறாள். "அப்பா, இது தம்புரா!" என்று கத்து

(கத்த மாட்டாளாம்.)

"ஏனுங்க்கா, எங்கப்பா வாயில இருந்து இப்பத்தான் 'பெரிய ஆளு'ன்னு வந்திருக்குது. மாப்ள முன்னால நான் ஓஸைப் பிடுங்குனா அவரு மூஞ்சி என்னாகும்? மாப்ள மானம் போயிருமேன்னு தண்ணி ஊத்தினவருங்க அவரு."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ காருக்குப் போயிருந்தாய்."

"நீங்க எழுதினதைப் படிச்சேன்."

"சரி. என்னதான் பண்ணப்போறே?"

"நீங்க கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. நான் பாத்துக்கறேன்."

நான் ஒதுங்கி நின்றேன். அவள் பட்டுப் பையைத் தெய்வாத்தாளிடம் கொடுத்தாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஸ பாடினாள்.

ஸ மட்டும். ரி-க்குப் போகவில்லை, க-வுக்குப் போகவில்லை. மூச்சு வாங்கி மறுபடி அதே ஸ. அருள்குமாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவன் பார்வை அவளிடமிருந்து மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து ஓஸுக்கும், ஓஸிலிருந்து தொட்டிக்கும் போனது.

தண்ணீர் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொட்டியில் அது இறங்கிக்கொண்டிருந்தது.

தொட்டி வற்றிவிட்டால் மோட்டார் காற்றை இழுக்கும். சுமை இறங்கும். யாரும் எதையும் பிடுங்காமல், யார் மானமும் போகாமல், பஞ்சமம் தானாக மேலேறித் தன் இடத்துக்கு வந்துவிடும். அப்போது அவள் பாடுவாள். தம்புரா என்றால் என்ன என்று தம்பிதுரை முதல் தடவையாகக் கேட்பார். கேட்ட பிறகு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கேட்கட்டும் என்றுதான் ஸ-வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நல்லா நிக்குது மோட்டாரு" என்கிறார் தம்பிதுரை. காதுக்கு ஸ இனிக்கிறது. கண் தொட்டியில் விழுகிறது. அடித்தரை தெரிய ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு சாண் தண்ணீர் இருக்கும். அவர் பதறுகிறார். ஷெட்டின் பின்னால் அடிபம்பு இருக்கிறது. ஓடிப் போய் அடித்து எடுத்து வந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் மோட்டார் வறளாமல் பார்த்துக்கொள்ளலாம். வாளியைத் தேடுகிறார்.

தெய்வாத்தாள் பட்டுப் பையோடு நிற்கிறார். அருள்குமாரின் இரண்டு கையிலும் கலர் பாட்டில். மோகனப்பிரியா கண்ணைத் திறக்கவில்லை. என்னை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டாள்.

வாளி உங்கள் காலடியில் இருக்கிறது. தம்பிதுரை உங்களைப் பார்த்துவிட்டார். கையை நீட்டுகிறார்.

"கண்ணு, அந்த வாளியை இப்படிக் குடு சாமி."